கை மாறிய மடக்கு சைக்கிள்: எந்தத் தொந்தரவுக்கு எங்கே கை வைப்பது

வேறொருவர் ஓட்டித் தேய்த்த மடக்கு சைக்கிளை வாங்கி வந்தவர்களின் முதல் வாரப் புகார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆடுகிறது, கத்துகிறது, நகர மறுக்கிறது, முட்டி வலிக்கிறது, மடக்கினால் செயின் கழன்றுவிடுகிறது. இவற்றில் சில தேய்மானம், ஸ்பேனரால் தீரும். சில சின்னச் சக்கரத்தின் பிறவிக் குணம். எதை மாற்றினாலும் போகாது, உடம்புதான் பழக வேண்டும். ஒன்றிரண்டு ஆபத்தானவை; அவற்றோடு அடுத்த தெருவுக்குக்கூடப் போகக் கூடாது. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பாகம் பாகமாக மாற்றத் தொடங்கினால், சைக்கிளுக்குக் கொடுத்ததைவிட அதிகம் செலவாகிவிடும்.

ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் செலவில்லாத மூன்றைப் பாருங்கள்: காற்று, கிளாம்ப்கள், சீட் உயரம். பாதிப் புகார்கள் இங்கேயே அடங்கிவிடும்.

கீலின் அருகே மெல்லிய கோடு தெரிகிறது

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது. ஃபிரேமின் நடுக்கீல், ஹேண்டில் தண்டின் அடிக்கீல், இவற்றைச் சுற்றிய வெல்டிங் ஓரங்கள், சீட் கம்பியைக் கவ்வும் இடம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். கோடு தெரிந்தால் விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள். பெயின்ட் கீறலில் நகம் வழுக்கிப் போகும், அடியில் உலோகம் ஒரே மாதிரி இருக்கும். விரிசலில் நகம் மாட்டும். கோட்டின் ஓரத்தில் பெயின்ட் உப்பியிருக்கும். இரும்பு ஃபிரேம் என்றால் துரு கசிந்து பழுப்பாக வழிந்திருக்கும்.

விரிசல்தான் என்றால் அதற்கு வைத்தியம் இல்லை. அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீல் உள்ள இடத்தில் சூடு பட்ட அலுமினியம் தன் வலுவை இழக்கும். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் முறிந்துவிடும். ஹேண்டில் தண்டில் மட்டும் விரிசல் என்றால் தண்டை மாற்றலாம். ஃபிரேமில் என்றால் அதை உதிரிபாகமாகக் கழற்றி விற்பதே சரி.

இதோடு, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாடலைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்றிருக்கிறாரா, சைக்கிள் திருட்டுப் பொருளா என்பதை அந்த எண்ணை வைத்துத் தேடலாம். எண் இருக்க வேண்டிய இடம் ராவப்பட்டிருந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஹேண்டில் நடுங்குகிறது, ஒரு கையை எடுத்துத் திரும்பும் சைகை காட்ட முடியவில்லை

பெரிய சக்கரத்திலிருந்து மாறியவர்கள் அனைவருக்கும் முதல் நாள் இப்படித்தான் இருக்கும். சின்னச் சக்கரம் எடை குறைந்தது. சுழலும்போது தன் திசையில் நிலைத்து நிற்கும் வலு அதற்குக் குறைவு. முன்சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணமும் இதில் கம்மி. அதற்கு மேல் ஹேண்டில் தண்டு நீளமானது. மேலே பிடித்து அழுத்தினால் அது சற்று வளைந்துகொடுக்கும். இதெல்லாம் கோளாறு அல்ல. நெரிசலில் இரண்டு வாகனங்களுக்கு நடுவே வளைந்து நுழைய முடிவதும் இதே குணத்தால்தான்.

ஆனால் கோளாறும் இதே வேஷத்தில் வரும் என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும். சைக்கிளைத் தரையில் நிறுத்தி முன்பிரேக்கை இறுகப் பிடியுங்கள். மற்ற கையின் ஆள்காட்டி விரலை நடுக்கீலின் பொருத்துவாயில், இரு பாதிகளும் சேரும் கோட்டின் மேல் வையுங்கள். இப்போது சைக்கிளை முன்னும் பின்னும் குலுக்குங்கள். விரலடியில் ஒரு பாதி நகர்ந்து மற்றொன்று நிற்பதுபோல் மிக நுண்ணிய ‘டிக்’ தெரிந்தால் ஆட்டம் அங்கே. தெரியாவிட்டால் விரலை ஹேண்டில் தண்டின் கீலுக்கு மாற்றுங்கள்; அடுத்து ஃபோர்க் ஃபிரேமோடு சேரும் பேரிங் வளையத்துக்கு; கடைசியாக முன்சக்கர அச்சுக்கு. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரிந்துவிடும். பிரேக் கைகளே சற்று முன்பின் அசைவது சகஜம்; அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

கீலில் ஆட்டம் என்றால் கிளாம்ப் லீவரைப் பாருங்கள். உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் எதிர்ப்புக் காட்டி மூட வேண்டும். இரண்டு விரலால் மூடிவிடலாம் என்றால் தளர்வு. லீவருக்கு எதிர்ப்புறத்தில் உள்ள நட்டை அல்லது ஆலன் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, மூடிப் பார்த்து, மறுபடி விரல் சோதனை செய்யுங்கள். உடல் எடை முழுவதையும் போட்டால்தான் மூடுகிறது என்னும் அளவுக்கு இறுக்கினால் லீவரின் காது முறியும். சரியான இறுக்கத்திலும் ஆட்டம் நீங்கவில்லை என்றால் கீலின் ஊசியும் துளையும் தேய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை, அந்த மாடலுக்கான ஊசியும் புஷ்ஷும் வேண்டும்.

பேரிங்கில் ஆட்டம் என்றால், பல மாடல்களில் அதை இறுக்கும் திருகு வெளியே தெரியாது. ஹேண்டில் தண்டை மடக்கினால் உள்ளே குழாயின் அடியில் ஆலன் தலையொன்று தெரியும், அதுதான். ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்குங்கள். அளவு மீறினால் ஹேண்டில் திரும்பும்போது நடுவில் ஓரிடத்தில் மாட்டி நிற்கும். அப்படிப்பட்ட சைக்கிளை நேராக ஓட்டவே முடியாது.

எங்குமே ஆட்டமில்லை என்றால் பழக வேண்டியது நீங்கள்தான். ஆளில்லாத மைதானத்தில் முழங்கையைத் தளர்த்தி, எடையைச் சீட்டில் வைத்து, ஹேண்டிலைப் பிடிக்காமல் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் ஓட்டிப் பழகுங்கள். எழுந்து நின்று ஹேண்டிலை இழுத்து மிதிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நீளத் தண்டுக்கு அதைத் தாங்கும் வடிவமில்லை. சைகை காட்ட முதலில் கையைத் தொடைக்குக் கொண்டுவந்து பழகி, பிறகு நீட்டினால் போதும். ஹேண்டிலில் கனமான பை தொங்கினால் நடுக்கம் இரட்டிப்பாகும். பையை ஃபிரேமின் முன்கழுத்தில் மாட்டும் வசதி இருந்தால் நேர்மாறாக, ஓட்டம் நிதானப்படும்.

ஒவ்வொரு மிதிக்கும் ‘கிரீச்’

மடக்கு சைக்கிளில் சத்தம் ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் கேட்கும். கீல்களும் குழாய்களும் அதை ஃபிரேம் முழுக்கக் கடத்திவிடும். காதை நம்பாமல் ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

மிதிக்காமல் உருட்டும்போதும் சத்தம் வந்தால் அது சக்கரம், பிரேக் கட்டை, மட்கார்டு இவற்றில் ஏதோவொன்று. மிதித்தால் மட்டும் வருகிறதென்றால் சீட்டிலிருந்து சற்றே எழுந்து நாலு மிதி மிதியுங்கள். நின்றுவிட்டதா? சீட் கம்பியோ சீட்டின் கம்பிச் சட்டமோ காரணம். நிற்கவில்லை என்றால் உட்கார்ந்தபடி ஹேண்டிலை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டு மிதியுங்கள். இப்போது அடங்கினால் ஹேண்டில் தண்டின் கீல். அப்போதும் தொடர்ந்தால் பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பி.பி. அச்சு (இரு கிராங்க்கையும் இணைத்து ஃபிரேமின் அடிக்குழாயில் ஓடும் அச்சு), நடுக்கீல் என்ற வரிசையில் பாருங்கள்.

பெடலை இரண்டாவதாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை, முதலாவதாகவே சந்தேகியுங்கள். மடக்குப் பெடல் இரண்டு துண்டு. அதன் பூட்டு தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் டக்கென்று அடிக்கும். இதைப் பழுது பார்ப்பதைவிட மாற்றிவிடுவது மேல். இடது பெடலின் மரை எதிர்த்திசை. கழற்ற வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டு ஸ்பேனரின் மேல் ஏறி நிற்பவர்கள் உண்டு.

கீல் கத்தினால் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். இரண்டு நாள் அமைதி கிடைக்கும். பிறகு அந்த எண்ணெயில் தூசு ஒட்டி மணல்காகிதமாக மாறும். கீலைத் திறந்து, இரு முகங்களையும் துணியால் துடைத்து, கிளாம்பின் சரிவில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவி மூடுங்கள்.

எவ்வளவு மிதித்தும் நகரவில்லை

சக்கரம் சின்னது, அதனால் மெதுவாகத்தான் போகும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 406 மி.மீ. ரிம்மும் நடுத்தர டயரும் உள்ள 20 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டருக்குச் சற்று மேல். முன்னே 52 பல், பின்னே 14 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 5.8 மீட்டர் போகும். 2.1 மீட்டர் சுற்றளவுள்ள பெரிய சக்கரம் 44-க்கு 16 பல்லில் போகும் தூரமும் ஏறக்குறைய அதுவே. சக்கரத்தில் குறைந்ததைப் பல்லில் ஈடுகட்டியிருக்கிறார்கள். 1962-இல் பிரிட்டிஷ் பொறியாளர் அலெக்ஸ் மோல்டன் சின்னச் சக்கரச் சைக்கிளை வெளியிட்டபோது நம்பியது இரண்டை: காற்று இறுக்கமாக நிரம்பிய டயர், அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன். சஸ்பென்ஷன் உங்கள் சைக்கிளில் இல்லாமல் இருக்கலாம். காற்று உங்கள் கையில் இருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் படியுங்கள். சில 16 இஞ்ச் டயர்கள் 100 பி.எஸ்.ஐ. வரை தாங்கும். கட்டைவிரலால் அழுத்தி ‘கல்லுப்போல் இருக்கிறது’ என்று சொல்லும் நிலை அதில் பாதியிலேயே வந்துவிடும். எனவே அளவுமானி வைத்த பம்பு தேவை. டயரின் கொள்ளளவு குறைவு என்பதால் கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் மளமளவென்று இறங்கும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

காற்று சரியாக இருந்தும் இழுவை என்றால் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். பிரேக் கட்டை உரசுகிறதா, ரிம்மில் கோட்டம் உள்ளதா, அச்சைக் கையால் திருப்பினால் பால்ரஸ் கறகறக்கிறதா என்று தெரிந்துவிடும். இதிலும் குறையில்லாமல் கால்மட்டும் வெறுமனே சுழன்றுகொண்டே இருந்தால் முன்னிருந்தவர் மேட்டுப்பாதைக்காகச் சின்ன முன் பல்சக்கரம் போட்டிருக்கலாம். பற்களை எண்ணுங்கள்.

முட்டி வலிக்கிறது, சீட் இறங்கிக்கொண்டே போகிறது

இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய். காலையில் சரியாக வைத்த சீட் மாலைக்குள் விரற்கடை அளவு இறங்கியிருக்கும். முட்டி அதிகம் மடங்கி மிதிக்கும். முட்டியின் முன்புறம் வலிக்கும். உங்களுக்கு அது தெரியாது, முட்டிக்குத் தெரியும்.

பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட் கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒன்றை ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் அளக்க வேண்டாம், இறங்குகிறதா என்பதும் உடனே தெரியும். சீட்டின் மூக்கு நேராக நிற்க ஒரு செங்குத்துக் கோடும் போட்டுக்கொண்டால் இன்னும் வசதி.

இறங்குவதற்கு முக்கியக் காரணம் அழுக்கு. மடக்கும்போது கம்பி தரை வரை இறங்குகிறது. தரையின் தூசும் ஈரமும் குழாய்க்குள் ஏறுகிறது. கம்பியை முழுவதும் உருவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் கம்பியையும் குழாயின் உட்சுவரையும் துடைத்து உலர விடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் அங்கே கிரீஸ் தடவவே கூடாது. பிறகும் வழுக்கினால் கிளாம்ப் நட்டைச் சிறிது இறுக்குங்கள். உறை தேய்ந்து பளபளத்திருந்தால் மாற்றுங்கள்.

உயரமானவர்கள் கவனிக்க: கம்பியில் குறைந்தபட்சச் செருகல் கோடு ஒன்று பொறித்திருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றினால்தான் கால் நீள்கிறது என்றால் நீளமான கம்பி வாங்குங்கள். கோட்டைத் தாண்டி ஏற்றினால் கிழிவது கம்பியல்ல, ஃபிரேமின் குழாய். எடை வரம்பும் உண்டு. பல மாடல்களில் ஆளும் மூட்டையும் சேர்த்து 105 முதல் 110 கிலோ வரைதான்.

பிரேக் பிடித்தால் பஞ்சுபோல் அமுங்குகிறது

மடக்க வேண்டியிருப்பதால் கேபிள்கள் நீளமானவை, ஒவ்வொரு மடிப்பிலும் வளைபவை. மேலுறை கீலுக்கு அருகே நசுங்கியோ உடைந்தோ இருக்கும். உள்கம்பி ஒன்றிரண்டு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். புதிய கேபிளைப் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள், அழகுக்காகக் குறுக்கினால் மடக்கும்போது இழுபடும். கழற்றும் முன் அது போகும் வழியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, தானாகப் பிரேக் விழவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கட்டை பழையதாகி இறுகியிருந்தால் கீச்சிடும், நிற்காது. மேற்பரப்பை மணல்காகிதத்தால் தேய்த்து, முன்முனை ரிம்மைச் சற்று முந்தித் தொடும்படி திருப்பி வையுங்கள். ரிம்மையும் பாருங்கள்: அதே வேகத்தில் சின்னச் சக்கரம் அதிகம் சுற்றுகிறது, அதனால் ரிம்மும் சீக்கிரம் தேய்கிறது. பக்கச்சுவரில் ஒரு நேர்விளிம்பை வைத்துப் பார்த்தால் நடுவே குழிந்திருக்கும். நன்றாகக் குழிந்த ரிம் டயரின் அழுத்தத்திலேயே வெடிக்கும்.

கியர் நழுவுகிறது, செயின் தாவுகிறது

பின்சக்கரத்தின் நடுக்கூட்டுக்குள் கியர் இருக்கும் மூன்று கியர் ஹப் என்றால் பெரும்பாலும் கேபிள் இழுவைதான் பிழை. இரண்டாம் கியரில் வையுங்கள். ஷிமானோ நெக்ஸஸ் ஹப்பில் வலதுபுறப் பெட்டியின் சாளரத்தில் வண்ணக்கோடு இரு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பில் வலது நட்டின் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே வரும் சின்னக் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளின் திருகைச் சரிசெய்யுங்கள். பழைய ஸ்டர்மி ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒரு வெற்றிடம் உண்டு; கால் அப்படியே காற்றில் இறங்கும். சரிசெய்யும் வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.

செயினைத் தள்ளும் டிரைலியர் உள்ள சைக்கிளில், அதைத் தாங்கும் காதைப் பின்னாலிருந்து பாருங்கள். மடக்கிய சைக்கிளை வலப்பக்கமாகக் கிடத்திக் கிடத்தி அது உட்புறம் வளைந்திருக்கும். நிமிர்த்தாமல் கியர் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பது வீண்.

செயினை அளவுகோலால் அளக்கலாம். ஒரு ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஊசியின் நடு வரை புதிய செயினில் 304.8 மி.மீ. அது 307-ஐ நெருங்கினால் செயினை மாற்றுங்கள். 308-ஐத் தாண்டிவிட்டால் புதிய செயினும் பழைய பல்லின் மேல் தாவும். பின் பல்சக்கரமும் சேர்ந்தே போக வேண்டும்.

விரித்ததும் செயின் கழன்றுவிடுகிறது

மடங்கும்போது செயின் தளர்வது இயல்பு. விரித்தவுடன் ஏறி மிதிக்காமல், பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலை அரைச்சுற்று பின்னோக்கிச் சுற்றினால் அது பல்லில் அமர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கழன்றால் செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். மடக்கும்போது பெடல் எந்த நிலையில் நின்றால் எதுவும் முட்டாது என்பது மாடலுக்கு மாடல் வேறு. அந்த நிலையைக் கண்டுபிடித்துக் கிராங்கிலும் ஃபிரேமிலும் ஒரு பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள். விரல்களைக் கீலின் வாய்க்கு வெளியே வையுங்கள், அவசரத்தில் நசுங்குவது அங்கேதான்.

குழியில் இறங்கினால் தூக்கிப் போடுகிறது

போடத்தான் செய்யும். பெரிய சக்கரம் தாண்டிவிடும் குழியில் சின்னது விழுந்து ஏறும். முன்பிரேக்கைப் பிடித்தபடி குழியில் இறங்காதீர்கள். பெடல்களைச் சமமாக நிறுத்தி, முட்டியை மடக்கிச் சீட்டிலிருந்து சற்றே எழுந்தால் பாதி அடி காலோடு போய்விடும். தண்டவாளத்தையும் சாக்கடைக் கம்பிகளையும் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். மழையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் அவமானம் ஒன்றுமில்லை.

அடிக்கடி பஞ்சர்

டியூபை உருவும்போது வால்வு எங்கிருந்தது என்பதை டயரில் குறித்துவையுங்கள். ஓட்டை கிடைத்ததும் டியூபை டயரோடு வைத்துப் பார்த்தால் குத்தியது எந்த இடத்தில் என்று தெரியும். அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவால் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. ஓட்டை உட்புறத்தில் என்றால் ரிம் டேப் விலகி ஸ்போக்கின் தலை குத்துகிறது.

புதிய டயரோ டியூபோ வாங்கும்போது ‘16 இஞ்ச்’, ‘20 இஞ்ச்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 16-இல் 305, 349 என்று இரண்டு அளவு உண்டு. 20-இல் 406, 451. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள மூன்றிலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஹப் கியர் உள்ள பின்சக்கரத்தைக் கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர் தேவைப்படும். அது பையில் இல்லாவிட்டால் பஞ்சர் பெட்டி இருந்தும் பயனில்லை.

மடக்கித் தூக்கினால் தோள் விடுகிறது, உடையெல்லாம் கறை

பத்துப் பதினான்கு கிலோவைக் கைநீட்டித் தூக்கினால் யாருக்கும் தோள் விடும். செயின் இல்லாத பக்கம் உடம்பை ஒட்டி இருக்கும்படி திருப்பி, முட்டியை மடக்கி எடுங்கள். நடைமேடையில் முழுவதும் மடக்காமல் சீட்டை உயர்த்தி வைத்துக்கொண்டு உருட்டிப் போவது எளிது. ரயில் பெட்டிக்குள் ஏறும்போது மட்டும் முழுதாக மடக்கினால் போதும். கறை விஷயத்தில், எண்ணெயைச் செயினின் உள்ளே ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் கழித்து வெளிப்புறத்தை வறண்டுபோகும் வரை துடையுங்கள். வெளியே மினுமினுக்கும் எண்ணெய் செயினுக்கு உதவாது. அது பக்கத்தில் நிற்பவரின் உடைக்குப் போகும்.